பழைய வீட்டை அருங்காட்சியகம் ஆக்குவது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்குவார்கள். அதில் ஒருவர், "எங்க தாத்தா வீடு பூட்டியே கிடக்கு, எடுத்துக்குங்க" என்பார். உடனே கண்ணாடி அலமாரிக்கு ஆர்டர் போய்விடும். பழைய காசு, கிராமபோன், பித்தளைக் கூஜா எல்லாம் வந்து குவியும். திறப்பு விழா, பொன்னாடை, குரூப் போட்டோ. இரண்டு மழைக்காலம் போவதற்குள் கூரை ஒழுகும், வாரிசுகளுக்குள் தகராறு வரும், கடைசியில் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது.

வேலையைத் தலைகீழாகச் செய்வதால்தான் இப்படி ஆகிறது. முதலில் பத்திரம், அடுத்து கூரை, அப்புறம் கதை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பொருள்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

முதல் படி: எந்த வீடு?

இந்தப் பக்கத்தில் வீட்டு அருங்காட்சியகம் என்றால் உடனே நினைவுக்கு வருபவை இரண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு ஒன்று, பெருமாள் கோயில் தெருவில் உள்ள பாரதிதாசன் வீடு இன்னொன்று. இரண்டும் அரசு நடத்துபவை, இரண்டும் ஒரே மனிதரைச் சுற்றி அமைந்தவை. சின்னச் சங்கத்துக்கு இந்த வழி தோதுப்படாது என்பது என் எண்ணம். அந்த மனிதரின் கையெழுத்துப் பிரதியோ கடிதமோ மூக்குக் கண்ணாடியோ அசலாகக் கையில் இல்லாவிட்டால், சுவர் முழுக்க நகல் படங்கள்தான் தொங்கும்.

ஒரு காலத்து வாழ்க்கையைக் காட்டும் வீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கடலூர் ஓ.டி. எனும் பழைய நகரத்தில் துறைமுக வியாபாரத்தில் இருந்த ஒரு குடும்பத்தின் வீடு, முதலியார்பேட்டையில் ஒரு ஆலைத் தொழிலாளியின் ஓட்டு வீடு, புதுச்சேரி தமிழர் பகுதியில் தெருவோரம் தாழ்வாரமும் உள்ளே திண்ணை, முற்றம், கூடமும் கொண்ட ஒரு மெத்தை வீடு, எதுவானாலும் சரி. பெரிய மாளிகையைத் தேடி அலைய வேண்டாம். பராமரிப்புச் செலவு சதுர அடிக்குச் சதுர அடி ஏறும்.

வயது விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். அதனால் அங்கே யாராவது "முந்நூறு வருஷத்து வீடு" என்றால் பத்திரத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள். ரங்கப்பிள்ளை தெருவில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போன்றவை அபூர்வம். அதில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடாகவும் மேல்தளம் கட்டுத் தூண்களோடு பிரெஞ்சு பாணியிலும் இருக்கும். உங்கள் வீடு 1890இல் கட்டியது என்றால் அப்படியே எழுதுங்கள். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

இரண்டாம் படி: சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

இந்த மண்ணில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. ஆளுநராக இருந்த அல்ஃப்ரெத் மர்த்தினோ 1911இல் புதுச்சேரியில் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். அரசு ஆவணங்களைத் தேடி எடுத்து அச்சேற்றுவது அதன் முக்கிய வேலை. ஆளுநரே தொடங்கியதால் அவர்களுக்குப் பதிவுக் கவலை இருந்திருக்காது. நமக்கு உண்டு.

கடலூர் என்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், புதுச்சேரி என்றால் 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். இரண்டிலும் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். துணை விதிகளை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். இரண்டு விதிகள் கட்டாயம் இருக்க வேண்டும். சங்கம் கலைந்தால் பொருள்கள் வேறொரு அருங்காட்சியகத்துக்கோ பொது நிறுவனத்துக்கோதான் போகும், உறுப்பினர் எவருக்கும் போகாது என்பது ஒன்று. நிர்வாகக் குழு மாறும்போது பதிவேடு, சாவி, கடவுச்சொல் எல்லாவற்றையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றது.

அப்புறம் பணம். நன்கொடைக்கு 80ஜி பதிவு வாங்கி வையுங்கள். பழைய வரி முறையில் இருக்கும் நன்கொடையாளர்களுக்குத்தான் அதனால் கழிவு கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பிரான்சில் இருப்பார்கள், ஆசையாகப் பணம் அனுப்பத் தயாராகவும் இருப்பார்கள். அனுப்புகிறவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு பெற 3 ஆண்டுச் செயல்பாடும் அந்தக் காலத்தில் நோக்கத்துக்காகச் செய்த குறைந்தது 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பதிவு கிடைத்த பிறகும் பணம் டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தந்தால் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. யாருடைய பாஸ்போர்ட் எது என்று கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் படி: வீட்டின் காகிதங்கள்

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது. இந்த ஐந்தும் கைக்கு வராமல் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

புதுச்சேரியில் பழைய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில், நோத்தேர் எனப்பட்ட பத்திர அலுவலர் எழுதியவையாக இருக்கும். மொழிபெயர்ப்புக்குத் தனியாகச் செலவு ஒதுக்குங்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் இருக்கின்றன. ரெனோன்சான் என்று அவர்களைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் சொத்து யாருக்கு எவ்வளவு என்ற கணக்கே வேறு. உள்ளூரில் இதைக் கையாண்டு பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு பவர் பத்திரம் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டிவிட வேண்டும்.

தானமாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் குத்தகை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். "நம்மளுக்குள்ள என்ன பேப்பரு" என்று பெரியவர் சொல்வார். அவர் சொல்வது மனப்பூர்வமானதுதான். ஆனால் அடுத்த தலைமுறை அதே மனதோடு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகை என்றால், நன்கொடைப் பணத்தைப் போட்டு அந்த வீட்டின் கூரையைப் பிரிக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடியிருப்பைப் பொதுப் பயன்பாட்டுக்கு மாற்ற உள்ளாட்சி, நகரமைப்பு அனுமதி வேண்டும். புதுச்சேரியில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமா என்று முதலிலேயே விசாரியுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கரையோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். அரிக்கமேடு போல மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது, பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரையிலும் அனுமதி தேவை.

நான்காம் படி: அளந்து வரைந்த பிறகு பழுது பார்ப்பது

இதுதான் பெரிய வேலை. பணமும் பொறுமையும் இங்கேதான் கரையும்.

சுத்தியலை எடுப்பதற்கு முன் வீட்டை முழுக்க அளந்து வரையுங்கள். கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் ஆசையாக வந்து செய்து தருவார்கள். ஒவ்வொரு சுவரையும், கதவையும், தூணின் போதிகையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, எந்த அறை, எந்தத் திசை என்று பெயரிட்டு வையுங்கள். விரிசலின் இரு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு பருவம் கழித்துப் பார்த்தால் விரிசல் வளர்கிறதா, பழையபடி நிற்கிறதா என்று தெரியும்.

வேலையைக் கூரையில் ஆரம்பியுங்கள். இந்தப் பக்கத்து மெத்தை வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிடிப்புக் கொடுத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போட்டு, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். இது ஒழுகினால் வழக்கமாக என்ன செய்வார்கள்? மேலே சிமென்ட் தளம் போட்டுவிடுவார்கள். அங்கேதான் கேடு தொடங்குகிறது. சிமென்ட் எடையைக் கூட்டும், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் சேரும். வெளியே பார்த்தால் கட்டை நன்றாக இருக்கும், சுவருக்குள் இருக்கும் முனை மக்கிப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டையின் முனையையும் கம்பியால் குத்திப் பாருங்கள்.

சுவருக்கும் இதே கதைதான். கடலோரம் என்பதால் நிலத்து ஈரத்தோடு உப்பும் மேலேறும், பூச்சுக்குப் பின்னால் பூக்கும், சுவர் பொரிந்து உதிரும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஒரு வருடம் பளிச்சென்று இருக்கும். பிறகு உப்பு இன்னும் மேலே ஏறி, முன்பு நன்றாக இருந்த இடத்தில் வெடிக்கும். சிமென்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை உலர விட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். சுண்ணாம்பை நீற்றிச் சில வாரமாவது ஊற வையுங்கள். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும், கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். பூசிய பிறகு ஈரம் காயாமல் நாள் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிமென்ட் பழக்கத்தில் வந்த கொத்தனாருக்கு இந்த மெதுவான வேலை எரிச்சலாக இருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, இளையவர்களை அவரிடம் விடுங்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் புதுச்சேரி வைசியாள் வீதியில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்து, அந்தத் தெரு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்றது. எப்படிச் செய்தார்கள் என்று அந்தத் தெருவில் நடந்தே பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

நம்மூர் மழை வடகிழக்குப் பருவமழை. கூரையைப் பிரிப்பது ஜனவரிக்குப் பிறகு, மூடுவது செப்டம்பருக்குள். இந்தக் கணக்கில் சமரசமே கூடாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், கவனிப்பாரில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அரசால் அது முடியும். நம் சங்கத்தால் முடியாது.

மின் இணைப்பு, கரையான் மருந்து, கழிவறை மூன்றும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். பழைய வயரிங்கை முழுக்கப் பிடுங்கிப் புதிதாக இழுங்கள். கழிவறையைப் பின்கட்டில் தனியாக வையுங்கள், அருங்காட்சி அறைச் சுவரோடு ஒட்டி வேண்டாம். திண்ணைப் படிக்குப் பக்கத்தில் எடுத்து மாட்டக்கூடிய ஒரு மரச் சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலிக்காரரும் உள்ளே வருவார். முற்றத்தைக் கண்ணாடியால் மூட வேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். வீட்டின் காற்றோட்டமே அதுதான், மூடினால் உள்ளே வெந்துவிடும்.

ஐந்தாம் படி: எந்தக் கதை?

ஒரு வீட்டில் ஊர் வரலாறு முழுவதையும் அடைக்க முடியாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் வாங்கியபோது, கோட்டையிலிருந்து நாலாபக்கமும் பீரங்கி சுட்டுக் குண்டு எட்டிய தூரம் வரை உள்ள ஊர்கள் தங்களுடையவை என்று எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் சென்னை இல்லை, இந்தக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். குண்டு எட்டிய ஊர் ஒன்றில் உங்கள் வீடு இருந்தால், "அந்தக் குண்டுக்குப் பிறகு இங்கே வரி யாருக்குப் போனது, நெசவு யாருக்குப் போனது?" என்ற ஒரு கேள்வி போதும், நாலு அறைக்கும் விஷயம் கிடைக்கும்.

முதலியார்பேட்டைத் தொழிலாளி வீடு என்றால் 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்த நாளில் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு, அவர்களைப் பேச விடுங்கள். பேச்சைப் பயன்படுத்த எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, அதன் நகல் ஒன்றை அவர்களிடமும் கொடுங்கள்.

ஆவணம் தேட லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் மையம், 1827இல் தொடங்கிய ரோமன் ரோலந்து நூலகம், 1955இலிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் எல்லாம் உண்டு. ஆனால் முதலில் அந்த வீட்டுப் பரணைத் தேடுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை எழுதப்பட்டது. பிறகு குடும்பத்தாரிடமே கிடந்து, 1846இல்தான் வெளியார் கண்ணில் பட்டது.

ஆறாம் படி: பொருள்கள், முக்கியமாக மறுப்பது

செய்தி பரவியதும் அம்மி வரும், ஆட்டுக்கல் வரும், உரல் வரும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். "எங்கள் கதைக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டு, பொருந்தாததை மரியாதையாக மறுக்கச் சங்கத்தில் ஒருவரை நியமியுங்கள். முகத்தாட்சண்யம் பார்க்காத ஆளாக இருப்பது நல்லது.

வாங்கும் ஒவ்வொன்றுக்கும் நன்கொடைப் படிவம்: கொடுத்தவர், தேதி, நிபந்தனையின்றிக் கொடுத்தார் என்ற கையெழுத்து. "வச்சிருங்க, வேணும்னா வாங்கிக்கிறேன்" என்பது நன்கொடை ஆகாது. அது இரவல். அதற்குத் திருப்பித் தரும் தேதியோடு தனி ஒப்பந்தம் போடுங்கள். பிறகு வரவுப் பதிவேடு. தைத்த கெட்டி நோட்டு, பக்க எண் இட்டது, பேனாவால் எழுதுவது. கணினிப் பட்டியல் இரண்டாவது பிரதி. 2025.4.3 என்றால் 2025இல் வந்த நான்காவது நன்கொடையின் மூன்றாவது பொருள். அந்த எண்ணைக் காகிதத்தில் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். துணியில் தைத்த நாடாவில். ஒட்டுத் தாளோ செல்லோ டேப்போ எதிலும் வேண்டாம். எங்கே, யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற குறிப்பு இல்லாத பித்தளைச் செம்பு வெறும் செம்புதான்.

சட்டம் இரண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களும் 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருள். கல், உலோகச் சிலைகள், ஓவியங்கள் போன்ற சில வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கோயிலைச் சேர்ந்ததோ என்று சந்தேகம் வரும் சிலை எதையும் தொடவே தொடாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையல் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது. அரிக்கமேட்டுப் பக்கம் பொறுக்கிய மணி என்று யாராவது டப்பாவோடு வந்தால் உங்கள் அலமாரிக்குள் வைக்காமல் தொல்லியல் துறைக்கு வழிகாட்டுங்கள்.

பாதுகாப்புக்கு ஏசி தேவையில்லை. பகலில் மட்டும் ஓடி இரவில் நிற்கும் ஏசி, ஈரப்பதத்தை ஏற்றி இறக்கிக் கெடுதல்தான் செய்யும். மலிவான ஈரப்பத மானி ஒன்றை அறைக்கு ஒன்றாக மாட்டித் தினம் குறியுங்கள். காகிதம், துணி, புகைப்படம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போக வேண்டாம். சாயம் போனது போனதுதான், திரும்பாது. அசல் புகைப்படத்தை உள்ளே பத்திரப்படுத்தி நகலைச் சுவரில் மாட்டலாம். லேமினேஷன் செய்யாதீர்கள். ஓலைச்சுவடிக்குப் புல் தைலம் நல்லதுதான், ஆனால் தெரிந்தவர் கை படட்டும். அலமாரியைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்தும் உயர்த்தி வையுங்கள். புதிதாக வரும் மரப்பொருளை உளு இருக்கிறதா என்று பார்க்கச் சில வாரம் தனியறையில் வைத்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஏழாம் படி: காட்சிக்கு வைப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்தால் இது தானாக வரும். திண்ணையில் வரவேற்பு, நடையில் வீட்டின் கதை, கூடத்தில் முக்கியக் காட்சி. சமையலறையைச் சமையலறையாகவே விடுங்கள். குறிப்புப் பலகை ஒன்றுக்கு ஐம்பது அறுபது சொல் போதும், தமிழ் முதலில், நின்றபடி படிக்கிற எழுத்து அளவில். ஒரு அறையைக் காலியாக விடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்கார.

எட்டாம் படி: திறந்த பிறகு

வாரம் ஏழு நாளும் திறப்போம் என்று அறிவித்துவிட்டு ஆளில்லாமல் பூட்டி வைப்பதைவிட, சனி, ஞாயிறு இரண்டு நாள் சொன்ன நேரத்துக்குத் திறப்பது மேல். ஒரு காவலாளிக்கு மாதச் சம்பளம் உறுதியாகும்வரை திறப்பு விழாத் தேதியைக் குறிக்காதீர்கள். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் அருங்காட்சியக நிதி உதவித் திட்டத்துக்குப் பதிவு பெற்ற சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் வேலையும் கம்பெனிகள் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதிக்கு உட்பட்டதுதான் என்பதால் சிட்கோ, சிப்காட் தொழிற்பேட்டைகள் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். எல்லாரும் கட்டடத்துக்குத் தருவார்கள், சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் தர மாட்டார்கள். வரும் நன்கொடையில் ஒரு பகுதியை வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மட்டும் எடுத்து இந்தச் செலவைப் பாருங்கள்.

புயல் திட்டம் ஒன்றை எழுதி ஒட்டி வையுங்கள். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. எச்சரிக்கை வந்ததும் எந்தப் பொருள் முதலில் மாடிக்குப் போகும், யார் தூக்குவார், தார்ப்பாயும் கயிறும் எங்கே, சாவி யாரிடம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பதிவேட்டின் ஒரு நகல் வேறு வீட்டில், வேறு தெருவில் இருக்கட்டும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறி, சருகை அள்ளி, தண்ணீர் போகும் குழாயில் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். முற்றத்துச் சாக்கடையையும் கூடவே தூர் வாரிவிடுங்கள், அரச மரக் கன்று எங்காவது சுவரில் தலைகாட்டியிருந்தால் வேரோடு எடுங்கள்.